கயிற்றின் இந்த முனை

இது நான் நேரில் பார்த்ததல்ல. என்னோடு அறையில் தங்கியிருந்த பிரபாவதி சொன்னது. அவளுக்குச் சொன்னவள் இசக்கியம்மாள். இருவரும் ஒரே பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க, டப்பாவில் இருந்த சோறு காய்ந்து போகிற வரைக்கும், இசக்கி இதைச் சொல்லியிருக்கிறாள். அன்று அவள் மனதில் ஓடியதில் பாதி அவள் வாயால் வந்தது, மீதி நான் நிரப்பியது. எது எந்தப் பாதி என்று இப்போது என்னாலேயே பிரிக்க முடியவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கோயம்புத்தூரின் வடக்கு விளிம்பில், பஸ் நின்றும் நிற்காமலும் போகிற ஒரு நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சிமென்ட் பெஞ்சில் இசக்கி உட்கார்ந்திருந்தாள், காலடியில் மிளகு. கறுப்பு நாய், பெட்டை, ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருக்கும், கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் எண்ணெய்த் தகரங்களுக்கு நடுவில் பிறந்தது. பஸ் ஒன்று வந்து புஸ்ஸென்று காற்றை விட்டு நின்றது, மிளகின் முதுகு மயிர் லேசாக எழுந்தது, அது குரைக்க வாயெடுப்பதற்குள் இசக்கி ஒரு துண்டு ஈரலை அதன் மூக்கிடம் நீட்டினாள், கோழி ஈரல், காலையில் உப்புப் போடாமல் அவித்து விரல் நகம் அளவுக்கு நறுக்கி டிபன் டப்பாவில் போட்டு எடுத்து வந்தது, பார்த்துக்கோ மிளகு, நல்லா பார்த்துக்கோ, பஸ்தான், போயிரும், மிளகு பார்த்தது, மென்றது, பஸ் போயிற்று. இப்படி ஒரு வாரமாக. எங்கோ ஒரு வெள்ளைக்காரப் பெண் வீடியோவில் இங்கிலீஷில் சொன்னதை நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: நாயை இழுக்காதே, திட்டாதே, பயப்படுகிற பொருளைத் தூரத்தில் நின்று பார்க்க விடு, பார்த்து முடித்ததும் நல்லது ஏதாவது கொடு, உலகம் அதை ஒன்றும் செய்துவிடாது என்று அதுவாகவே தெரிந்துகொள்ளட்டும். சொல்வதற்கு எவ்வளவு லேசாக இருக்கிறது, உலகம் ஒன்றும் செய்துவிடாது. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் பின்னால் புல்வெளி. வீட்டுக்காரர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. இங்கே வீட்டுக்காரர் இருக்கிறார், குழந்தைவேலு சார், கீழ்வீட்டில் அவர், மாடியில் ஒற்றை அறையில் இவள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேட். போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர் ரங்கசாமி கேட்டைத் திறந்த நேரமும் இவள் மிளகைக் கூட்டிக்கொண்டு படி இறங்கிய நேரமும் ஒன்றாகப் போயிற்று. மிளகு குரைத்த குரைப்பில் மனிதர் பின்னால் போய்த் துளசித் தொட்டியில் உட்கார்ந்துவிட்டார், வேட்டி ஒரு பக்கம், கைத்தடி ஒரு பக்கம். கடிக்கவில்லை. பல் கூடப் படவில்லை. எதிர்வீட்டு மாடியில் யாரோ சிரித்துவிட்டார்கள், அதுதான் வினை. குழந்தைவேலு சார் கத்தவில்லை, அவர் கத்துகிற ஆள் இல்லை, அமைதியாகத்தான் சொன்னார், அம்மிணி, நாய் வளக்கறது தப்புன்னு சொல்லுல, ஆனா ஊடுன்னா நாலு பேரு வந்து போவோணும், வர்ற ஞாயித்துக்கிழமை பொழுதோட நானு, ரங்கசாமியண்ணன், இன்னும் ரெண்டு பேரு வாசல்ல உக்காந்திருப்போம், நாயைக் கூட்டிக்கிட்டு எங்களத் தாண்டி மேல போங்க, சத்தமில்லாம போச்சுன்னா இருக்கட்டும், கொலச்சுதுன்னா அன்னிக்கே எங்கியாச்சும் கொண்டு போய் உட்ருங்க. இவள் என்ன சொன்னாள். சரிங்க சார். அதைத்தான் சொன்னாள். அதோடு, சாரிங்க சார். அதன் பிறகு ரங்கசாமியைப் பார்த்து இன்னொரு சாரி. வீடு திரும்பி மாடிப்படியில் உட்கார்ந்தபோது மிளகு அவள் உள்ளங்கையை நக்கியது, அப்போது ஒரு சாரி அதற்கும். ஒரு நாளைக்கு எத்தனை சாரி ஒரு வாயிலிருந்து வரும்.

பஸ் இன்னொன்று. மிளகு தலையைக் கூடத் திருப்பவில்லை. சபாஷ் என்று சொல்லி ஈரலைக் கொடுத்துவிட்டு எழுந்தாள், பொழுது இறங்குகிறது, அவர்கள் இந்நேரம் நாற்காலி போட்டிருப்பார்கள். எங்கியாச்சும் உட்ருங்க. அந்த எங்கியாச்சும் எங்கே இருக்கிறது என்று ஒரு வாரமாக அவள் மனம் தேடிக்கொண்டிருந்தது, வேண்டாம் என்றாலும் தேடியது, கேன்டீன் பின்னால் விடுவதா, அங்கே இப்போது வேறு நாய்கள், இதை உள்ளேயே விடாது, ஊருக்குக் கொண்டு போவதா, அம்மா போனில் அன்றைக்கே சொல்லிவிட்டாள், எதுக்குட்டி இந்தச் சோலி, வாடகைக்கு இருக்கற எடத்துல வீட்டுக்காரர் மொகம் கோணாம இருக்கணும், பேசாம விட்டுட்டு வந்துரு, அது பொழச்சிக்கிடும். பொழச்சிக்கிடும். ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டு போய் எங்கோ இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினால் மிளகு விளையாட்டு என்றுதான் நினைக்கும், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடி வரும், கண்ணாடியில் தெரியும், சின்னதாகிக்கொண்டே வரும், அந்த இடத்தில் அவள் நினைப்பு ஒவ்வொரு முறையும் முட்டி நின்றது, அதற்கு அந்தப் பக்கம் போகாது. போகாதவரைக்கும் நல்லது. லே-அவுட் ரோட்டுக்குள் திரும்பினார்கள். வேப்ப மரம், சாக்கடை மூடி, ஜல்லிக் குவியல், எல்லாம் மிளகுக்குத் தெரிந்தவை, ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துக் கணக்கு முடித்துக்கொண்டு நடந்தது, வால் நடுவாக, மேலேயும் இல்லை கீழேயும் இல்லை, அப்படி இருந்தால் மனசு சரியாக இருக்கிறதென்று அர்த்தம். எதிரே ஒருவர் நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் காய்கறிப் பை, யாரோ, யாராக இருந்தாலும் என்ன. இசக்கி மிளகோடு ரோட்டோரத்துக்கு, சாக்கடைப் பக்கமாக ஒதுங்கி, ஒண்ணும் பண்ணாதுங்க, ஒண்ணும் பண்ணாது, போங்க, என்றாள். அவர் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. நாயைப் பார்க்கக் கூட இல்லை. அவள் சொன்ன பிறகுதான் பார்த்தார், பார்த்ததும் நின்றார், நின்றதும் மிளகு குரைத்தது. நன்றாகவே குரைத்தது, ஒரு வாரப் பாடமும் ஈரலும் பஸ்ஸும் எதுவுமே நடக்காததுபோல. என்னம்மா இது, புடிச்சுக்கக் கூடாதா, என்று முனகிக்கொண்டு அவர் போனார். சாரிங்க.

முடிந்தது. முடிந்தே போயிற்று. ரிசல்ட் நாளில் நிற்பதுபோல நின்றாள், இன்டர்வியூ அறைக்கு வெளியே நிற்பதுபோல, விண்ணப்பத்தில் அப்பா படிக்காதவர் என்று எழுதிய கட்டத்தைப் பார்த்துவிட்டு யாராவது நிமிர்ந்து பார்க்கும்போது நிற்பதுபோல. அவ்வளவு பெரிய பஸ்ஸைப் பார்த்துக் குரைக்காத நாய் காய்கறிப் பையோடு வந்த மனிதரைப் பார்த்து ஏன் குரைக்கிறது. பஸ் நிறுத்தத்தில் ஆளே இல்லையா, எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினார்கள், ஒருவர் வாலை மிதிக்கவே பார்த்தார், அப்போதெல்லாம் வாயைத் திறக்காதது இங்கே ஏன். அங்கே பெஞ்சு, இங்கே ரோடு. அங்கே உட்கார்ந்திருந்தோம், இங்கே நடக்கிறோம். அங்கே கயிறு தரையில் கிடந்தது. அவள் தன் கையைப் பார்த்தாள். நைலான் கயிறு விரல்களில் மூன்று சுற்றுச் சுற்றி நகம் வெளுக்கிற அளவுக்கு இறுகியிருந்தது. யார் சுற்றியது. அவள் சுற்றியதாக அவளுக்கு ஞாபகமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மோட்டாரை ஓடவிட்டு உள்ளங்கையை அதன் மேல் வைத்து ஆட்டம் பார்க்கிற வேலைதான் அவளுக்கு, ஒரு நாள் முழுக்க வந்த மோட்டாரெல்லாம் ஆடியது, எல்லாவற்றையும் ரிஜெக்ட் என்று ஒதுக்கினாள், சாயங்காலம் பார்த்தால் மோட்டார் எதிலும் குற்றமில்லை, டெஸ்ட் பெஞ்சின் அடிப்போல்ட் கழன்றிருந்தது, எவ்வளவு நல்ல மோட்டாரும் ஆடத்தானே செய்யும், ஆடுகிற மேசைமேல் வைத்தால். பிரபாவதி உட்பட செக்ஷனே சிரித்தது. அன்றிலிருந்து மோட்டாரைத் தொடும் முன் மேசையைத் தொட்டுப் பார்ப்பது அவளுக்குக் கைப்பழக்கம். கயிற்றுக்கு இரண்டு முனை. ஒரு வாரமாக அவள் அந்த முனையை மட்டுமே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஊரில், இவள் சிறுமியாக இருந்தபோது, அம்மா பீடி சுற்றுவாள். சுற்றிய பீடியைத் தட்டில் அடுக்கிக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வர வேண்டுமென்றால் அவர்கள் தெருவிலிருந்து பெரிய தெரு வழியாகத்தான் போக வேண்டும், வேறு வழி சுற்று, அம்மா ஒரு இடுப்பில் தட்டும் ஒரு கையில் இசக்கியின் மணிக்கட்டுமாக நடப்பாள், எதிரே யாராவது வந்தால் மணிக்கட்டில் அந்தப் பிடி இறுகும், ஓரமா வாட்டி, ஓரமா, அடுத்த கணம் கால் சாக்கடை விளிம்பில் இருக்கும், அம்மா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், வந்தவர் போவார். வந்தவர் யாரென்று இசக்கி நிமிர்ந்து பார்த்ததே இல்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் யாரும் அம்மாவை அடித்ததாகவோ வைததாகவோ அவளுக்கு ஞாபகமில்லை, ஒருவர் கூட, ஒரு வேளை அடிப்பதற்குத் தேவையே இல்லாதபடி அவள் ஒதுங்கினாள், ஆனால் பயம் எப்படி இருக்கும் என்று கேட்டால் இசக்கிக்கு இப்போதும் முகம் எதுவும் வராது, அந்த இடத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு இறுக்கம் வரும். மிளகுக்கு மணிக்கட்டு இல்லை, கழுத்து இருக்கிறது. வெள்ளைச் சட்டை வந்தது, கழுத்து இறுகியது, வாசலில் ரங்கசாமி வந்தார், கழுத்து இறுகியது, ஒண்ணும் பண்ணாதுங்க என்ற அந்தக் கெஞ்சல் குரல் வந்தது, வந்தால் என்ன அர்த்தம், எதிரே வருகிறவன் நம்மை ஏதோ செய்யப் போகிறான் என்று அர்த்தம், மிளகு புத்திசாலி, சொன்னதைப் புரிந்துகொண்டது. இவள் குழந்தையில் குனிந்து நின்றாள், அது குரைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம். குரைத்ததே மேல் என்று தோன்றியது, தோன்றியதும் சிரிப்பு வந்தது, நடுரோட்டில் தனியாகச் சிரிப்பது நன்றாக இருக்காது, சிரித்தாள். அம்மாமேல் கோபம் வருமா என்று பார்த்தாள், வரவில்லை, அம்மாவின் கையையும் ஒரு கை பிடித்திருக்கும், அந்தக் கையை இன்னொரு கை, அந்த வரிசையை யோசித்தால் ராத்திரி தூக்கம் போய்விடும். வரிசை எவ்வளவு நீளமோ இருக்கட்டும். இதோடு போதும், இந்த நாய்க்குட்டிக்கு வேண்டாம், இது எந்தத் தெருவுக்கும் எதுவும் செய்யவில்லை.

விரல்களிலிருந்து சுற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கயிறு தொய்ந்தது, நடுவில் வளைந்து தரையைத் தொட்டது. மிளகு திரும்பி அவளைப் பார்த்தது, என்ன ஆச்சு உனக்கு என்பதுபோல. வா போலாம். ரோட்டின் நடுவுக்கு வந்தாள். நடு என்றால் நடுவே, காலுக்கு இரண்டு பக்கமும் ரோடு, இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இந்த ரோட்டில் அவள் நடந்திருக்கிற இடம் ஓரமாகவே இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது அவள் எந்தத் தெரு என்று, தெரியாத ஊரில் கூட ஓரமாகவே. கைக்குழந்தையோடு ஒரு அம்மாள் எதிரே வந்தாள். கை இறுகப் பார்த்தது, தானாகவே, இறுகாதே என்று கைக்குச் சொல்ல வேண்டியிருந்தது, வாய் ஒண்ணும் என்று ஆரம்பித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள், அந்த அம்மாளைப் பார்த்தாள், நேராக, தரையைப் பார்க்காமல், அந்த அம்மாளும் பார்த்தாள், குழந்தை மிளகைப் பார்த்து தோ தோ என்றது, மிளகு காதைத் திருப்பியது, கடந்து போனார்கள். இவ்வளவுதானா. ஒரு துண்டு ஈரல் அதற்கு, ஒன்று தனக்கே போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது. பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது, ஒரு தடவை, இன்னொரு தடவை, முதுகுத்தண்டு ஓரத்துக்குப் போ என்றது, கார்தானே அவசரம், காருக்கு ஒதுங்கலாம், அது வேறு, ஒதுங்கினாள், ஆனால் தன் நேரத்தில், இழுக்காமல், மிளகை முதலில் போகவிட்டு, ஓட்டியவன் கண்ணாடியை இறக்கி, ரோடு உங்கப்பன் வூட்டுதா, என்றான். எங்கப்பா வீட்டில் ரோடே கிடையாது, அதனால் இதில்தான் நடக்கிறேன், என்று பதில் மனதில் உடனே வந்தது, வாய்க்கு வருவதற்குள் கார் போய்விட்டது. பரவாயில்லை. பதில் வரவேண்டிய இடம் இன்னும் இருக்கிறது. பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் பயத்தோடு வேறு ஒன்றும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது, சூடாக, சரிங்க சார் என்று சொன்னேனே, எதற்குச் சொன்னேன், குரைத்தால் நாயை விடு என்கிறவர் அவருடைய பேரன் வந்து வாசலில் அழுதால் பேரனை எங்கே கொண்டு போய் விடுவார்.

கேட் திறந்திருந்தது. வாசலுக்கும் மாடிப்படிக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், குழந்தைவேலு சார், ரங்கசாமி, பேர் தெரியாத இரண்டு பேர், காபி டம்ளர்கள். எதிர்ப்பக்கம் இஸ்திரி வண்டிக்கார அம்மா கரியை விசிறிக்கொண்டிருந்தாள். வந்தாச்சுங்க பரீட்சைக்கு, என்றார் பேர் தெரியாதவர்களில் ஒருவர், மற்றவர், நாயா அம்மிணியா, ஆரு எழுதறாங்க, என்றார், சிரித்தார்கள். படிக்குப் போக நாற்காலிகளுக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடுக்கு இருந்தது, செடிகளை உரசிக்கொண்டு, ஒரு வாரமாக அவள் அந்த இடுக்கு வழியாகத்தான் இந்தக் காட்சியைக் கற்பனை செய்திருந்தாள், வேகமாக, குனிந்து, மிளகைச் சுவருக்கும் காலுக்கும் நடுவில் மறைத்து. கால் நேராகப் போயிற்று. வட்டத்துக்குள். கயிறு தொய்ந்தே இருந்தது. மிளகு ஒவ்வொரு செருப்பாக மோந்தது, நாக்கால் மூக்கை நக்கியது, கொட்டாவி விட்டது, அதற்குப் பதற்றமாக இருக்கிறது, இருக்கட்டும், சமாளிக்கிறது. அப்போது ரங்கசாமி கைத்தடியை எடுத்து மிளகின் மூக்குக்கு நேராக நீட்டி, இரும்புப் பூணைத் தரையில் டக் டக்கென்று தட்டினார். பாக்கலாம், இப்ப என்ன பண்ணுதுன்னு. மிளகு உறைந்து நின்றது. முதுகு மயிர் எழுந்தது. கயிற்றின் இந்த முனையில் விரல்கள் துடித்தன, மூன்று சுற்றுச் சுற்று என்றன, ஓரமா வாட்டி என்றன, அவள் விரல்களை விரித்து வைத்துக்கொண்டாள். மிளகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற ஒரு பார்வை. அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

தடியை எடுங்க, என்றாள் இசக்கி.

என்னுங்க அம்மிணி? என்றார் ரங்கசாமி.

தடியை எடுங்க. அது உங்கள ஒண்ணும் பண்ணல.

டெஸ்டிங் செக்ஷனில் வரிசையாக மோட்டார்கள் ஓடும்போது அந்தக் கோடியில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமென்று பழகிய குரல் அது, அடிவயிற்றிலிருந்து வருவது, வீட்டு வாசலில் அவள் அதை எடுத்ததே இல்லை, இப்படி ஒரு குரல் மாடியில் குடியிருக்கிறது என்று குழந்தைவேலு சாருக்கும் தெரிந்திருக்காது. டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. சும்மா வெளையாட்டுக்குத்தான அம்மிணி, அண்ணன் பெரியவரு, என்றார் அவர். பெரியவருக்கு இது நல்லால்ல சார். ஒரு வாரமா இதுக்கு நான் பஸ்ஸக் காட்டினேன், ஆளக் காட்டினேன், பயப்படாம இருக்கக் கத்துக்கொடுத்தேன். இது கத்துக்கிச்சு. அண்ணன் ஒரு வாரமா என்ன கத்துக்கிட்டாங்க, தடியத் தட்டறதா. பேர் தெரியாதவர் ஒருவருக்குக் காபி புரை ஏறியது. ரங்கசாமியின் கழுத்து சிவந்தது, தடி போன வேகத்தில் திரும்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் பார்க்காததுபோல நாற்காலிக்கு அடியில் போயிற்று. அவள் நகரவில்லை. சாரி என்ற சொல் பழக்கத்தில் தொண்டை வரைக்கும் வந்து நின்றது, அதை அப்படியே விழுங்கினாள், ஈரல் துண்டை விழுங்குவதுபோல, கொஞ்சம் கசந்தது. குழந்தைவேலு சார் கடைசியில் சொன்னார், நாய் இருந்துட்டுப் போவுது. வாயத்தான் கொஞ்சம் பாத்துக்கோணும் அம்மிணி. அதப் பத்தி நாம பேசல சார், நாயைப் பத்தித்தான் பேசினோம், நீங்க சொன்னபடி அது நடந்துருச்சு, நீங்களும் நடந்துக்கங்க, என்று சொல்லிவிட்டு அவள் படிப் பக்கம் பார்த்தாள். நேர் எதிரே ரங்கசாமியின் நாற்காலி. சுற்றிப் போக இடமிருந்தது. கொஞ்சம் நகருங்க, என்றாள். ஒரு கணம், நீளமான கணம், கை மறுபடி மறுபடி இறுகப் பார்த்தது, விரல்கள் விரிந்தே இருந்தன, பிறகு பிளாஸ்டிக் கால்கள் சிமென்டில் கரகரவென்று தேய்ந்து விலகின, மிளகு முன்னால் போயிற்று, அவள் பின்னால், படி ஏறும்போது பயம் திரும்ப வந்தது, வரட்டும், கயிற்றுக்கு அது போய்ச் சேரவில்லை.

பிரபாவதி இதைச் சொன்னபோது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சொல்லும்போது நமக்கு நாமே கொஞ்சம் கூட்டிக்கொள்வோம். மிளகு ஒரு தடவையாவது குரைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எதிர்ப்பக்கம் நின்ற இஸ்திரி வண்டிக்கார அம்மாவிடம் விசாரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நன்றாக ஞாபகமிருந்தது. மாடி வீட்டுப் பெண் போட்ட சத்தம் காதில் விழுந்ததாகச் சொன்னார், தடி, நாற்காலி, எல்லாம். நாய் குரைத்ததா என்று கேட்டேன். விசிறியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். ‘நாயுங்களா,’ என்றார், ‘அன்னிக்கு அங்க நாய் இருந்துதுங்களா?’